முற்றத்துக்குச் சீமெந்தா, சல்லியா?

பத்திரிகைத் தொழிலுக்கு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அரசியல் தீர்வு, மாகாண சபை, மீள்குடியேற்றம், கடற்றொழில் என்று எத்தனையோ விடயங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவற்றுள் எதற்கும் கிடைக்காத எதிர்ப்பு, எங்கள் வீட்டு முற்றத்தில் கார் நிறுத்தும் இடத்துக்குச் சல்லி போடுவோம் என்று நான் சொன்ன ஒரேயொரு வசனத்துக்குக் கிடைத்தது. எதிர்த்தவர்கள் மூவர்: அம்மா, மனைவி, இலண்டனில் இருக்கும் தம்பி. நாலாவதாக மேசனும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

நடந்தது இதுதான். 2024 நவம்பரில் ‘பெங்கல்’ புயலோடு வந்த அடைமழையில் காரின் முன்சில்லு ஒன்று முற்றத்து மண்ணுள் அச்சுவரை புதைந்துவிட்டது. அயலவர் நால்வர் கூடி, பலகை கொடுத்து, தள்ளித்தான் எடுத்தோம். அந்தக் காட்சியை யாரோ படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே தொலைபேசி வந்தது.

“அண்ணை, காசைப் பற்றி யோசியாதைங்கோ. முத்தம் முழுக்கச் சீமெந்து போட்டு, அதுக்கு மேலை இன்ரலொக் கல்லைப் பதிச்சு விடுங்கோ. வாற ஆவணிக்குப் பிள்ளையளோடை வாறன். சேத்துக்குள்ளை வந்து இறங்கேலாது.”

மாரி முடிந்து, சித்திரை வருடப்பிறப்பும் முடிந்ததும் மேசன் வந்தார். நாடாவைப் பிடித்து அளந்தார். முப்பது அடி அகலம், நாற்பது அடி நீளம். ஆயிரத்து இருநூறு சதுர அடி. சீமெந்துப் பைகளின் கணக்கை அவர் சிகரெட் பெட்டியின் பின்புறத்தில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

எங்கள் ஊர் வீடுகளில் வாகனத்துக்கென்று தனியே ஓர் இடம் இருந்ததில்லை. முற்றம் என்பது ஒடியலும் மிளகாயும் காயப்போடும் இடம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் பந்தல் போடும் இடம். கார் வைத்திருந்த ஒரு சிலருடைய வீடுகளில் அது வேப்பமர நிழலிலோ கிடுகுக் கொட்டிலிலோ நின்றது. 1990இன் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற் போனது. பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. ஓடாதவை முற்றத்தில் நின்று துருப்பிடித்தன. 2002இல் ஏ9 பாதை திறந்தது. 2006 ஆகஸ்டில் மூடியது. 2009இல் போர் முடிந்த பின்னர் மறுபடியும் திறந்தது. அதன் பின்னரே வாகனங்கள் பெருகின. வீதிகளுக்குக் ‘காபெட்’ வந்தது. ஒழுங்கைகளுக்குக் கொங்கிறீற் வந்தது. வேலிகள் மதில்களாயின. இவையெல்லாம் வந்த பின் எஞ்சி நின்ற மண் முற்றம் ஒன்றுதான். இப்போது அதன் முறை.

எங்கள் வீட்டில் கார் நிற்கும் இடத்துக்கு வேறொரு கதையும் உண்டு. 1987 மே மாதம் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்குவதற்குச் சில வாரங்களின் முன், அப்பாவும் நானும் அந்த இடத்திலேதான் பதுங்குகுழி வெட்டினோம். பருத்தித்துறை மண்ணைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மூன்றடி போனதும் அலவாங்கு ‘ணங்’ என்று கல்லில் மோதியது. அதற்குக் கீழே போக முடியாததால், மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டை போட்டு உயர்த்தினோம். 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது அதை மூடுவதற்கு அப்பாவுக்கு இருந்த அவசரம் கொஞ்சமன்று. குற்றிகளையும் மூட்டைகளையும் உள்ளேயே தள்ளி, மேலே மண்ணை இழுத்துவிட்டார். குற்றிகள் உக்க உக்க அந்த மூலை ஆண்டுதோறும் ஓரிரு அங்குலம் தாழ்ந்துகொண்டு வந்தது. கார் புதைந்ததும் அங்கேதான். அம்மா இன்றுவரை அதைப் ‘பங்கர் மூலை’ என்றுதான் சொல்லுவா.

ஆகவே, நான் மேசனிடம் முதலிற் கேட்டது தண்ணீரைப் பற்றியன்று. “தாழுகிற நிலத்துக்கு மேலே நாலங்குலச் சீமெந்தைப் போட்டால் என்ன நடக்கும்?” என்று கேட்டேன். “வெடிக்கும்” என்றார். “வெடித்தால்?” “உடைச்சுப் போட்டுத் திரும்பப் போடவேணும்.” சல்லியென்றால் தாழ்ந்த இடத்தில் இரண்டு கடகம் கொட்டி நிரவிவிடலாம். இந்த ஒரு காரணமே எங்கள் வீட்டுக்குப் போதுமாயிருந்தது. ஆனால் பதுங்குகுழி இல்லாத வீடுகளுக்கும் பொருந்துகின்ற பெரிய காரணம் வேறு. அது கிணறு.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் மழைநீர் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நாம் அள்ளுவது அந்த மிதக்கும் நீரைத்தான். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட பொதுவிதி. இதைத் திருப்பிப் படிக்கவேண்டும். மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும். கடல் கிட்டிய பருத்தித்துறை போன்ற ஊருக்கு இது ஏட்டுக் கணக்கன்று. கடற்கரையை அண்டிய கிணறுகளில் வாளியிட்டவர்களுக்கு நாக்கே சாட்சி. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை ஏறிய வடமராட்சிக் கரையோரக் கிணறுகள் எவ்வளவு பாடுபட்டுத் துப்புரவாக்கப்பட்டன என்பதை நேரில் நின்று பார்த்துச் செய்தி எழுதியவன் நான்.

இந்த நீரை நிரப்புவது மழை ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதத்துள் கொட்டித் தீர்ந்துவிடும். எங்கள் முற்றத்தின் 1,200 சதுர அடியிலும் விழும் மழையைக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,40,000 லீற்றர். பத்தாயிரம் லீற்றர் கொள்ளும் பவுசர் பதினான்கு. இவ்வளவும் கிணற்றுக்குப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. வெயில் ஒரு பங்கை எடுக்கும். மாமரமும் வேம்பும் ஒரு பங்கைக் குடிக்கும். எஞ்சியது இறங்கும். சீமெந்து போட்டாலோ அந்த எஞ்சியதும் ஒழுங்கைக்கு ஓடிவிடும்.

ஒழுங்கைக்கு ஓடிய தண்ணீர் அங்கே சும்மா கிடப்பதுமில்லை. கிடுகு வேலியும் கதியால் வேலியும் இருந்த காலத்தில் வெள்ளம் ஒரு வளவிலிருந்து மற்ற வளவுக்கு ஊர்ந்துபோய், போகும் வழியெல்லாம் ஊறி மறைந்தது. இப்போது இருபுறமும் மதில், நடுவே கொங்கிறீற் ஒழுங்கை. பதிந்த வளவுக்காரர் வாசலில் மண்மூட்டை அடுக்குகிறார். மேட்டு வளவுக்காரர் குழாய் வைத்து ஒழுங்கைக்குத் தண்ணீரை விடுகிறார். எல்லைக் கதியாலைத் தள்ளி நட்டதற்காக வழக்காடிய ஊர் நாங்கள். இனி வெள்ளத்துக்காக வழக்காடுவோம் போலிருக்கிறது. 2020 டிசம்பரில் ‘புரெவி’யின்போதும், 2024இன் வெள்ளத்தின்போதும் இதைக் கண்டோம். 2024 வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் பரவி, பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கங்களில் உயிர்களையும் கொண்டுபோனது. தேங்கும் வெள்ளம் வெறும் இடைஞ்சலன்று.

இவ்வளவையும் ஒரு சொற்பொழிவாக நான் வீட்டில் நிகழ்த்தி முடித்தபோது, மனைவி கேட்டா: “கூட்டுறது ஆர்? கல்லுக்குள்ளை விழுற வேப்பமிலையை ஒவ்வொண்டாய் நீங்கள் பொறுக்குவியளே?”

அம்மா கேட்டா: “நான் நாலுகால் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு நடக்கிறன். கல்லிலை இடறி விழுந்தால், உன்ரை கிணத்துத் தண்ணி வந்து என்னைத் தூக்குமே?”

இவ்விரு கேள்விகளுக்கும் நிலத்தடி நீரியலில் விடை இல்லை. முற்றத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியப்புறம் குனிந்து கூட்டிக் கூட்டி இடுப்பு முறிந்த ஒருத்திக்குச் சீமெந்துத் தரை ஓர் ஆறுதல் என்பதை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. அம்மாவின் கேள்வி அதைவிடப் பெரியது. போர் நடந்து முடிந்த மண் இது. ஊன்றுகோலோடும் செயற்கைக் காலோடும் சக்கர நாற்காலியோடும் வாழ்பவர்கள் எங்களூரில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! சக்கர நாற்காலியைச் சல்லிக்குமேல் ஒருமுறை தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்படிப் புதையுமென்று. தண்ணீரைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி ஒரு மனிதரை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் முற்றம் நல்ல முற்றமன்று.

ஆகவே, கேள்வியை நான் மாற்றிக் கேட்கவேண்டியதாயிற்று. முற்றம் முழுவதற்கும் என்ன போடுவது என்பதன்று கேள்வி. எந்த இடத்துக்கு எது வேண்டும் என்பதே. கார் நிற்பதற்குப் பன்னிரண்டடிக்கு இருபதடி போதும். அம்மா நடப்பதற்குப் படலையிலிருந்து விறாந்தை வரை நாலடி அகலமான ஒரு மட்டமான பாதை போதும். எஞ்சிய இடத்துக்கு எதுவுமே வேண்டாம். மணல் மணலாகவே கிடக்கட்டும். 1,200 சதுர அடியில் 240 சதுர அடிக்குச் சல்லி, 160 சதுர அடிக்குச் சீமெந்துக் கல். இந்த உடன்படிக்கையில் அம்மா கையொப்பமிட்டா. சல்லிமேல் விழும் இலையைக் கம்பி வாரியால் வாருவது என் வேலை என்ற நிபந்தனையோடு மனைவியும் இணங்கினா.

அடுத்தது எந்தக் கல் என்ற கேள்வி. இங்கே என் பிழை ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். 2012இல் இந்தப் பழைய காரை வாங்கியபோதே அந்த இடத்துக்கு இரண்டு உழவு இயந்திரப் பெட்டி கிரவல் கொட்டியவன் நான்தான். வன்னியிலிருந்து வரும் செம்மண் கிரவல். கோடையில் அது கல்லாய் இறுகியது. பார்க்க அழகாகவும் இருந்தது. கார்த்திகை மழைக்குச் சேறாகி, விறாந்தை வரை செந்நிறக் காலடிகள் பதிந்தன. அதிலுள்ள களிமண், தண்ணீரைக் கீழே விடவுமில்லை. கிரவல் வீதியமைப்புக்கு அடித்தளமாகப் பயன்படுவது. அதன் வேலையே இறுகுவது. இறுகுவதற்கென்று உள்ள பொருளைக் கொட்டிவிட்டு, நிலத்தடி நீரைப் பற்றிப் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தெரிவு ஊரி. கடற்கரையிற் கிடைக்கும் சிறு சிப்பிகளும் சங்குத் துண்டுகளும் கலந்த அந்த வெள்ளைப் படிவைக் கொட்டிய ஒழுங்கைகள் எங்கள் இளமைக் காலத்தில் நிலவில் பளிச்சென்று கிடக்கும். ஊரிக்காடு என்று வல்வெட்டித்துறைப் பக்கத்தில் ஓர் ஊர்ப்பெயரே உண்டு. தண்ணீர் நன்றாக இறங்கும். ஆயினும் அதைக் கரையிலிருந்து அள்ளவேண்டும். கரையை அள்ளினால் கடல் உள்ளே வரும். மணற்காட்டுப் பக்கத்து மணற் குன்றுகளிலிருந்து மணல் அள்ளப்படுவதைக் கண்டித்துப் பலமுறை எழுதிய கையால் ஊரிக்குப் பணம் கொடுக்க மனம் வரவில்லை.

மூன்றாவது, உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்த வெள்ளைச் சல்லி. மலிவு, அருகிலேயே கிடைக்கும். ஆனால் மென்மையான கல். சில்லு ஏற ஏற நொறுங்கித் தூளாகும். தூள் மழையில் நனைந்து காய்ந்து, சீமெந்துபோல் இறுகிவிடும். அதைவிட முக்கியமானது, அந்தக் கல்தான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. அதைத் தோண்டி எடுத்த பள்ளங்கள் நிலத்தடி நீருக்குத் திறந்த வாசல்கள். அவற்றிற் கொட்டப்படும் குப்பை நேரே கிணற்றுக்கு வழி தேடும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இலிருந்து 1990 வரை இயங்கியபோது தோண்டப்பட்ட பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிணற்றைக் காப்பாற்றக் கிணற்றின் சுவரை உடைப்பதா?

நாலாவது கருங்கற் சல்லி. குடாநாட்டில் கருங்கல் இல்லை. வன்னிப் பெருநிலத்துப் பாறைகளை உடைத்து, டிப்பர்களில் ஆனையிறவு தாண்டிக் கொண்டுவருகிறார்கள். அங்கே ஒரு மலை குறைகிறது. வெடியதிர்வையும் தூசியையும் அங்குள்ளவர்கள் சுமக்கிறார்கள். அதுவும் குற்றமற்ற கல்லன்று. ஆயினும் கடினமானது, நொறுங்காது, கழுவித் தூசி நீக்கிப் போட்டால் பல ஆண்டுகளுக்கு அப்படியே கிடக்கும். முற்றம் முழுவதற்கும் கேட்காமல் கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கேட்டால், ஒன்றரைக் கியூப் போதும். நான் அதையே தெரிந்தேன். குற்றமில்லாத தெரிவு கிடைக்காதபோது, குறைந்த அளவு எடுப்பதே ஒருவர் செய்யக்கூடியது என்று நினைக்கிறேன்.

வழவழப்பான உருண்டைக் கல் அழகுதான். ஆனால் சில்லின் கீழ் அது உருளும். உடைத்த கல்லுக்கு முனைகள் உண்டு. அம்முனைகள் ஒன்றையொன்று கௌவிக்கொள்ளும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் மக்காடம் கண்டு சொன்ன உண்மை இது. முனையுள்ள சிறு கற்களைப் பரவினால், மேலே ஓடும் சில்லுகளே அவற்றை இறுக்கிவிடும் என்றார் அவர். உலகத்து வீதிகள் பல நெடுங்காலம் அந்த முறையிலேதான் அமைந்தன. அதன்மேல் தார் வந்தது பின்னர்.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கேட்கும் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் பழைய கிரவலை முழுவதும் வெட்டி அகற்றினோம். பங்கர் மூலையைத் தோண்டி, உக்கிப்போன பனங்குற்றிகளை வெளியே எடுத்தோம். அவற்றோடு ஒரு ஜாம் போத்தலும் வந்தது. உள்ளே பஞ்சும், கறுத்துப்போன திரித் துண்டும். தடைக்காலத்துச் சிக்கன விளக்கு. மேசன் அதைக் குப்பையோடு போடப் போனார். அம்மா கையை நீட்டி வாங்கி, கழுவிக்கொண்டுவந்து விறாந்தைக் கட்டில் வைத்தா. ஒன்றும் பேசவில்லை.

குழியை வளவிற் கிடந்த உடைகற்களால் அரையடிக்கு ஒருமுறை இடித்து இடித்து நிரப்பினோம். பிறகு கார் நிற்கும் இடம் முழுவதையும் ஆறங்குலம் தாழ்த்தி, படலைப் பக்கமிருந்து மாமரப் பக்கம் சிறிது சரிவாக்கினோம். ஐம்பதடிக்கு ஓரடி என்ற கணக்கு. மண்ணும் கல்லும் கலவாதபடி, தண்ணீர் விடும் நெய்யப்படாத துணி ஒன்றை விரித்தோம். பொலித்தீன் விரிக்கக் கூடாது. விரித்தால் சீமெந்து போட்டதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. துணிக்குமேல் ஒன்றரை அங்குலச் சல்லி நாலங்குலம். அதற்குமேல் முக்கால் அங்குலச் சல்லி இரண்டங்குலம். கணக்குப் பார்த்தால் 80 கன அடியும் 40 கன அடியும், ஆக 120 கன அடி, அதாவது 1.2 கியூப். இறுகும்போது குறைவதற்கும், பின்னர் நிரப்புவதற்குமாக ஒன்றரைக் கியூப் எடுத்தோம். சுற்றிவர ஓரக்கல் பதித்தோம். ஓரக்கல் இல்லாத சல்லி ஓராண்டில் முற்றமெல்லாம் பரவிவிடும்.

ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் முழுமையான விடை இல்லை. பழைய காரென்றால் எண்ணெய் சொட்டும். சீமெந்தில் சொட்டினால் கறை தெரியும், துடைக்கலாம். சல்லியில் சொட்டினால் கீழே போகும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த செய்தியை மறந்தவர் யார்? ஆகையால் நான் கடைப்பிடிப்பது இது: கிணற்றுப் பக்கமாகக் காரை விடுவதில்லை, இயந்திரத்தின் கீழே ஒரு தகரத் தட்டு வைத்திருக்கிறேன், எண்ணெய் மாற்றுவதும் கழுவுவதும் வீட்டில் இல்லை. இவ்வளவு கவனம் முடியாதவர்கள், இயந்திரம் நிற்கும் அந்த நாலடிக்கு மட்டும் சீமெந்துப் பலகை ஒன்று பதிப்பது நல்லது.

தம்பிக்கு இவையெல்லாம் விளங்கவில்லை. “சல்லி போடுறது வசதியில்லாத ஆக்கள் எண்டு நினைப்பினம் அண்ணை” என்றான். அப்போதுதான் அவன் வாழும் நாட்டின் சட்டம் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்தில் 2008 ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து, வீட்டின் முன்புறத் தோட்டத்தில் ஐந்து சதுர மீற்றருக்கு மேற்பட்ட இடத்தை நீர் இறங்காத பொருளால் மூடி, மழைநீரை வீதிக்கு விடுவதானால் திட்டமிடல் அனுமதி பெறவேண்டும். சல்லி போன்ற நீர் இறங்கும் பரப்பென்றால் அனுமதி தேவையில்லை. 2007 கோடை வெள்ளத்தின் பின் அவர்கள் கற்ற பாடம் அது. “உன்ரை வீட்டு வாசலிலை அனுமதி கேட்காமல் செய்ய ஏலாததை, என்னை இங்கை செய்யச் சொல்லுறாய்” என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தான். “அது இங்கத்தைச் சட்டம்தானே” என்றான். ஆம், சட்டம் அங்கத்தையது. ஆனால் அங்கே குழாயில் தண்ணீர் வருகிறது. கிணற்றை நம்பியிருப்பவர்கள் நாங்கள்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அங்கே அதற்குச் சட்டமும் அதிகாரிகளின் கெடுபிடியும் தேவைப்பட்டன. எங்களுக்கோ அந்த அமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதன் பெயர் முற்றம். அதை மூடாமல் விட்டாலே போதும். தொண்டைமானாற்றில் தடுப்பணை கட்டி மழைநீரை மறித்தது ஒரு தலைமுறை. 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. பெரும் பணமும் மின்சாரமும் செலவழித்து உப்பை அகற்றி எடுத்த நீரைக் குழாயில் வாங்கிக்கொண்டு, வானத்திலிருந்து உப்பில்லாமல் விழும் நீரைக் கடலுக்கு அனுப்புவது என்ன கணக்கு?

எங்கள் ஒரு முற்றத்தால் குடாநாட்டின் நீர் பிழைத்துவிடப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். தோட்டங்களுக்கு அளவுக்கு மிஞ்சி இடும் உரமும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலசலகூடக் குழிகளும், கண்மூடித்தனமாக இறைக்கும் இயந்திரங்களும் செய்யும் கேடு, சீமெந்து முற்றங்கள் செய்வதிலும் பெரிது. அவற்றைப் பற்றி எழுதுவதை நான் நிறுத்தப் போவதுமில்லை. ஆனால் அவற்றைத் திருத்த விவசாயி வேண்டும், அரசு வேண்டும், காலம் வேண்டும். முற்றத்துக்கு வீட்டுக்காரர் மட்டும் போதும்.

தனி வீடுகளுக்கு முன்னதாகச் செய்யவேண்டியவை பெரிய வளவுகள். கலியாண மண்டபங்கள், வங்கிகள், கடைத்தொகுதிகள், கோயில்களின் வாகனத் தரிப்பிடங்கள். ஆயிரக்கணக்கான சதுர அடி ஒரே நாளில் மூடப்படுவது அங்கேதான். வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் மணலிலே நடந்து போகிறோம். அதனால் பக்தி குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. கட்டட வரைபடத்தோடு அனுமதி கேட்டு வருபவரிடம், நகரசபையும் பிரதேச சபையும் வாகனம் நிற்குமிடத்தில் மழை எங்கே போகும் என்ற ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கவேண்டும். இன்ரலொக் கல்தான் வேண்டுமென்பவர்கள், அதைச் சீமெந்துத் தரைமேல் ஒட்டாமல் மணற் படுக்கையில் இடைவெளி விட்டுப் பதித்தால், இடுக்குகளால் ஓரளவு தண்ணீராவது இறங்கும். நோயாளரும் ஊன்றுகோல் பிடிப்பவரும் வரும் இடங்களில் மட்டமான பாதை கட்டாயம் வேண்டும். அதற்கு நாலடி போதும். நாலடியைச் சாட்டாக வைத்து நாற்பதடியை மூடுவதைத்தான் வேண்டாமென்கிறேன்.

சொன்னபடி ஆவணியில் தம்பி பிள்ளைகளோடு வந்தான். கார் உள்ளே வரும்போது சல்லி நறநறவென்று சத்தமிட்டது. பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. தம்பி சுற்றிப் பார்த்தான். “சரி அண்ணை. ஆனால் படலையடியிலை கல் ஒழுங்கைக்குச் சிதறுது. அதிலை மட்டும் ஒரு வரி சீமெந்து போடுவம்” என்றான். பார்த்தேன், அவன் சொன்னது சரி. ஒழுங்கையில் சைக்கிளில் வரும் பிள்ளைகள் வழுக்கி விழக்கூடும். மூன்றடி அகலத்துக்கு ஒரு வரி போட்டோம். அதற்குரிய காசை அவனே கொடுத்தான்.

பின்னர் வந்த மாரியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. கார் நிற்கும் இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. பங்கர் மூலை மட்டும் ஓரங்குலம் தாழ்ந்தது. மழை விட்ட அன்று காலை, கொட்டிலடியில் மிச்சமாய்க் குவித்து வைத்திருந்த சல்லியில் இரண்டு கடகம் அள்ளிக் கொட்டி நிரவினேன். அம்மா தன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பாதையில் நின்று, “அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் போடு” என்றா.